விமானம் பத்திரமாகத் திரும்பினால் கம்பெனிக்குப் புகழ். விழுந்தால் விமானிக்குப் பழியா?

2025 டிசம்பர் முதல் வாரம். காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்தருகே ஒரு டீக்கடை. இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, நாடெங்கும் விமான நிலையங்களில் பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளோடு தரையில் படுத்துக் கிடந்த நாட்கள் அவை. கடையில் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டில்லியில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியவர். மீனம்பாக்கம் வரை போய், டாக்சிக்குத் தண்டம் அழுதுவிட்டுத் திரும்பியிருந்தார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அது போய் விழுந்த இடம்தான் நியாயமில்லை.

"ஏன் தோழர், இந்த பைலட்டுகளுக்கு அப்படி என்ன வேலை? பொத்தானை அமுக்கினால் விமானம் தானே பறக்கிறது, தானே இறங்குகிறது. அதற்கு லட்ச லட்சமாகச் சம்பளம். போதாதென்று வாரத்துக்கு 48 மணி நேரம் ஓய்வு வேறு வேண்டுமாம். நாடு உருப்படுமா?" என்றார்.

நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் வடக்கே விளக்கை மினுக்கிக்கொண்டு விமானங்கள் இறங்குவது தெரியும்; அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள பந்தம். ஆனாலும் பெரியவரின் பேச்சை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. ஏனென்றால் அது அவருடைய சொந்தப் பேச்சல்ல. முதலாளிமார் நெடுநாளாகச் சொல்லிச் சொல்லி ஊரார் வாயில் ஏற்றிவைத்த பேச்சு. ஆகவே பெரியவருக்குச் சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கரண்ட் போனால்...

பொத்தானை அமுக்கினால் விமானம் பறக்கிறது என்கிறார்கள். சரி. அந்தப் பொத்தானுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அது நின்றுபோனால் என்ன ஆகிறது?

நம் வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். மின்சார ரயிலில் கரண்ட் போனால் வண்டி பொத்தேரிக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே நிற்கும். இறங்கித் தண்டவாளத்தோரமாக நடந்துவிடலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் விமானத்துக்கு நிற்க இடம் ஏது? இறங்கி நடக்கத்தான் வழி ஏது?

விமானத்தின் மின்சாரத்தை அதன் எஞ்சின்களோடு பூட்டிய ஜெனரேட்டர்களே உண்டாக்குகின்றன. அவை கைவிட்டால் வால் பகுதியில் உள்ள சிறிய துணை எஞ்சின் உண்டு. அதுவும் போனால் பாட்டரி. பெரிய விமானங்களில், எல்லாமே போய்விட்ட நேரத்துக்கென்று, வயிற்றிலிருந்து வெளியே வந்து காற்றில் சுழலும் சிறு விசிறி ஒன்றும் உண்டு. போயிங் கம்பெனியின் 787 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு இரண்டாக நான்கு பெரிய ஜெனரேட்டர்கள், துணை எஞ்சினில் இன்னும் இரண்டு. ஒவ்வொரு பெரிய ஜெனரேட்டரும் 250 கிலோவோல்ட் ஆம்பியர் திறன் கொண்டது. பழைய விமானங்களில் எஞ்சினின் சூடான காற்றைக் கொண்டு செய்த பல வேலைகளை இதில் மின்சாரமே செய்கிறது. பிரயாணிகள் மூச்சுவிடும் காற்றை அழுத்தி அனுப்புவதும், இறக்கையில் பனி உறையாமல் சூடேற்றுவதும், ஏன், பிரேக் பிடிப்பதும்கூட மின்சாரம்தான்.

இவ்வளவும் இருந்தும் கரண்ட் போகிறது. அப்போது அறையில் நடப்பது என்ன? திரைகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. தானியங்கி விடைபெற்றுக்கொள்கிறது. எச்சரிக்கை மணிகள் ஒரே நேரத்தில் அலறுகின்றன. ஒருவர் வேறு எதையும் பார்க்காமல் விமானத்தை மட்டும் கையில் பிடித்துப் பறக்கிறார். மற்றவர் அவசரக் கையேட்டைப் பிரித்து வரி வரியாகப் படித்து, எந்தப் பக்கம் பழுது, எந்தச் சுற்றைத் துண்டிக்கலாம், எதைத் துண்டிக்கவே கூடாது என்று பிரித்தெடுக்கிறார். அடுப்பையும் பொழுதுபோக்குத் திரையையும் அணைத்துப் பாரத்தைக் குறைக்கிறார். பாட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறார். மேலே போவதா, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதா, வழியில் வேறு நிலையத்தில் இறங்குவதா? டாங்கி நிறைய எண்ணெயோடு இவ்வளவு கனத்தோடு இறங்கினால் சக்கரமும் பிரேக்கும் தாங்குமா? இவற்றையெல்லாம் முடிவு செய்ய அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பின்னால் நூற்றுக்கணக்கான பேர் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கலவரப்படாமல் பெல்ட்டைப் போடவைத்து, வேண்டியிருந்தால் ஒன்றரை நிமிடத்தில் அத்தனை பேரையும் வெளியே சறுக்கிவிடத் தயாராக நிற்பவர்கள் பணிப்பெண்களும் பணியாளர்களும். கீழே ரேடாரைப் பார்த்து மற்ற விமானங்களையெல்லாம் விலக்கி வழிவிடுகிறவர் இன்னொரு தொழிலாளி.

இதையா ஐயா பொத்தான் வேலை என்கிறீர்கள்?

2008 ஜனவரி 7. லண்டனிலிருந்து பாங்காக் வந்துகொண்டிருந்தது குவாண்டாஸ் கம்பெனியின் 747. உள்ளே 365 பேர். பாங்காக் போய்ச்சேர ஏறத்தாழ கால் மணி நேரமே இருந்தது. திடீரென்று நான்கு மின்தொடர்களில் மூன்று செத்துவிட்டன. காரணம் என்ன தெரியுமா? சமையலறைக் கழிவுநீர்க் குழாய்! குழாயில் பனி உறையாமல் சூடேற்றும் கருவி பழுதாகி, குழாய் அடைத்து, தண்ணீர் பெருகி, கீழே இருந்த மின்கருவிகளின்மேல் வடிந்தது. தண்ணீர் விழாமல் தடுக்க வைத்திருந்த மூடியிலும் விரிசல். பாட்டரியில் மிஞ்சியிருந்த கொஞ்ச மின்சாரத்தையும் சில கருவிகளையும் வைத்துக்கொண்டு விமானிகள் பாங்காக்கில் பத்திரமாக இறக்கினார்கள். பட்டப்பகல், நிலையமோ பக்கத்தில். அதே பழுது நடுக்கடலில் நள்ளிரவில் வந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தங்கச்சி காண்டிராக்டில் விமானத்தைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். ஒரு விமானம் வந்து அடுத்தது கிளம்புவதற்குள் ஓட்டமும் நடையுமாக வேலையை முடிக்க வேண்டும் என்பாள். விமானப் பாதுகாப்பு என்பது தங்கப்பட்டை போட்ட கோட்டுக்குள் மட்டும் இல்லை. குழாயைப் பார்க்கிறவன், மூடியின் விரிசலைப் பார்க்கிறவன், அவனுக்குப் பார்க்க நேரம் கொடுக்கிறார்களா என்பது, எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. அந்த நேரத்தைத்தான் லாபக் கணக்கு முதலில் வெட்டுகிறது.

1998 செப்டம்பர் 2ல் நடந்ததையும் கேளுங்கள். நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பிய சுவிஸ்ஏர் 111. பணக்காரப் பிரயாணிகள் படம் பார்க்கவும் சூதாடவும் ஒரு பொழுதுபோக்குக் கருவியை அதில் பிற்பாடு பொருத்தியிருந்தார்கள். அதற்குப் போன மின்கம்பியில் பொறி பறந்த தடயத்தைப் பின்னர் கனடா நாட்டு விசாரணையாளர்கள் கண்டார்கள். கூரைக்குள் இருந்த காப்புப் போர்வையோ எளிதில் தீப்பற்றும் ரகம். புகை நாற்றம் வந்ததும் விமானிகள் ஹாலிஃபாக்ஸ் நிலையத்தை நோக்கித் திருப்பினார்கள். கையேடு சொன்னபடி பிரயாணிகள் பகுதியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையையும் திருப்பினார்கள். ஆனால் அந்தச் சூதாட்டக் கருவிக்கு இணைப்புக் கொடுத்திருந்த விதத்தில், அந்த விசைக்கு அது கட்டுப்படவே இல்லை! முதல் நாற்றத்திலிருந்து சுமார் 20 நிமிடத்தில் விமானம் கடலில் விழுந்தது. 229 பேரும் மாண்டார்கள். நாற்றம் வந்த உடனே நேராக இறங்க முயன்றிருந்தாலும் நேரம் போதாது என்று விசாரணை அறிக்கை சொல்லிற்று. விமானிகள் விசையைத் திருப்பினார்கள். அந்த விசைக்குக் கட்டுப்படாதபடி கம்பியை இழுத்தது யார்?

கணினிக்கும் கணக்குத் தவறும்

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2013 ஜனவரி 7ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நின்றுகொண்டிருந்த ஜப்பானிய 787 ஒன்றின் பாட்டரி தீப்பற்றியது. ஒன்பது நாள் கழித்து ஜப்பானில், பறந்துகொண்டிருந்த இன்னொரு 787ல் பாட்டரி எச்சரிக்கையும் புகை நாற்றமும். விமானிகள் காலதாமதம் செய்யாமல் தகமட்சு நிலையத்தில் இறக்கி, 137 பேரையும் சறுக்குப் பாதையில் வெளியேற்றினார்கள். அதன் பிறகே உலகெங்கும் அந்த ரகம் முழுவதையும் தரையில் நிறுத்தினார்கள். ஏர் இந்தியாவிடம் அப்போது இருந்த ஆறும் நின்றன. பாட்டரிக்குள் இருக்கும் மின்கலம் ஜப்பானில், பாட்டரி அமைப்பு பிரான்சில், சார்ஜ் ஏற்றும் கருவி அமெரிக்காவில் ஒரு கம்பெனியில். இப்படி வேலையை ஊர் ஊராகக் குத்தகைக்கு விட்டுச் செய்த விமானம் அது. பாஸ்டன் சம்பவத்தை விசாரித்த அமெரிக்க வாரியம் கலம் செய்தவனையும், போயிங்கையும், சரிபாராமல் முத்திரை குத்திய அமெரிக்க சர்க்கார் இலாகாவையும் சேர்த்தே குறை கூறியது.

2015ல் இன்னொரு வேடிக்கை வெளிவந்தது. அதே 787ன் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளை 248 நாள் அணைக்காமல் தொடர்ந்து ஓட்டினால், உள்ளே காலத்தை எண்ணும் கணக்கு நிரம்பி வழிந்து, எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே சமயத்தில் நின்றுபோகக்கூடும்! நான்கு ஜெனரேட்டர் வைத்தது ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்றுதானே? நான்குக்கும் ஒரே தப்புக் கணக்கு என்றால் நான்கும் ஒன்றுதான். நல்லவேளையாக ஆகாயத்தில் அல்ல, சோதனைக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குமுன் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். யந்திரம் தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்த 248ஐ மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே 2024 அக்டோபர் 11 மாலை நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குச் சுமார் 140 பேரோடு கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் பழுது. அது மின்சாரப் பழுதல்ல, எண்ணெய் அழுத்த அமைப்பில் வந்த பழுது. ஆனாலும் திரும்பி இறங்கும் வேலை என்றால் என்ன என்பதை நம் ஜனங்கள் கண்ணால் பார்த்தது அன்றுதான். அந்த 737 ரகத்தில் எண்ணெயை ஆகாயத்தில் கொட்டிவிட வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சிச் சீமையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஷார்ஜா போகிறவர்கள் யார்? பெரும்பாலும் கூலிக்குப் போகிற நம் பிள்ளைகள். வீட்டில் தாய்மார் டெலிவிஷன் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். இரவு எட்டேகால் மணிக்கு விமானம் அலுங்காமல் இறங்கியது. ஆணும் பெண்ணுமாக இரு விமானிகள். நாடே அவர்களைப் பாராட்டியது. நியாயம்தான்.

மறுநாளிலிருந்து அதே பத்திரிகைகள் பழையபடி விமானிகளின் சம்பளக் கணக்கை எழுத ஆரம்பித்தன.

மூன்றாவது ஆள் எங்கே போனான்?

ஒரு காலத்தில் பெரிய விமானங்களின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். விமானி, துணை விமானி, இவர்களுக்குப் பின்னால் மின்சாரம், எண்ணெய், எஞ்சின் இவற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் பிளைட் எஞ்சினீயர். கணினி வந்தது, அவர் வேண்டாம் என்றார்கள். 1981ல் அமெரிக்க ஜனாதிபதி நியமித்த குழு ஒன்று இரண்டு பேர் போதும் என்று தீர்ப்புச் சொன்னது. மூன்றாமவர் போனார். அவர் பார்த்த வேலை எங்கும் போகவில்லை. பழுது வரும் நிமிடத்தில் அது மற்ற இரண்டு பேர் தலையில் விழுகிறது.

இப்போது அந்த இரண்டாமவர் மேலும் கண். பறப்பின் நடுப்பகுதியில் ஒரே விமானி போதும், மற்றவர் தூங்கட்டும். பிற்பாடு முழுப் பயணத்துக்கும் ஒருவரே போதும் என்று விமானம் செய்யும் கம்பெனிகள் யோசனை கிளப்பின. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனமே ஆராய்ந்து பார்த்து, இன்றைய நிலையில் இது இரண்டு பேர் இருப்பதற்குச் சமமான பாதுகாப்பு என்று நிரூபிக்க முடியவில்லை என்று 2025ல் சொல்லிவிட்டது. ஒருவர் பிடித்துப் பறக்க ஒருவர் கையேடு படிக்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, ஒரே ஆள் இருந்தால் கையேட்டை யார் படிப்பது? காலாலா புரட்டுவது?

பழி யார் தலையில்?

விமானியும் மனிதன்தான். தவறவே மாட்டான் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 747, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி ஒன்று பிசகியதால், இரண்டு நிமிடம்கூட ஆகுமுன் கடலில் விழுந்தது. 213 பேர் மாண்டார்கள். கும்மிருட்டு, கீழே கடல், கண்ணுக்கு அடிவானம் இல்லை. தலைமை விமானி பொய் சொல்லும் கருவியை நம்பினார், மற்ற கருவிகளைப் பார்த்துச் சமாளிக்கத் தவறினார் என்பது விசாரணையின் முடிவு. இருக்கட்டும். இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு கருவி கெட்டால் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும், அந்தக் கண்ணில் தூக்கக் கலக்கம் இருக்கக் கூடாது, பயிற்சிக்குப் பணம் செலவழிக்க வேண்டும். முதலாளியின் காதில் மட்டும் இது "ஆளைக் குறை" என்று விழுகிறது!

போயிங்கின் 737 மாக்ஸ் கதை ஊரறிந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர். முதல் விமானம் விழுந்ததும் பழுதான ஒரே ஓர் உணர்கருவியின் பேச்சைக் கேட்டு மூக்கைக் கீழே தள்ளும் ஏற்பாட்டைப் பற்றி மூச்சுக் காட்டாமல், விமானிகளின் திறமையைப் பற்றித்தான் பேசினார்கள். இரண்டாவதும் விழ வேண்டியிருந்தது.

2025 ஜூன் 12ல் அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787 விழுந்து 260 உயிர்கள் போயின. ஜூலை 12ல் முதற்கட்ட அறிக்கை வந்தது. எஞ்சின்களுக்கு எண்ணெய் போகும் இரண்டு விசைகளும் கிளம்பிய சில நொடிகளில் அடுத்தடுத்து மூடிய நிலைக்குப் போயின என்றது அறிக்கை. ஏன் மூடினாய் என்று ஒரு விமானி கேட்டதும், நான் மூடவில்லை என்று மற்றவர் சொன்னதும் குரல்பதிவில் இருப்பதாகவும் சொன்னது. என்ன காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த அறிக்கையும் சொல்லவில்லை. ஆனால் அது வெளிவந்த சூட்டிலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் தலைமை விமானியின் பக்கம் விரலை நீட்டிவிட்டன! செத்தவன் திரும்பி வந்து பதில் சொல்ல மாட்டான் என்கிற தைரியம். அவருடைய 91 வயதுத் தந்தை விமானிகள் சம்மேளனத்தோடு சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டின் படியேற வேண்டியதாயிற்று. உம் மகனை யாரும் குற்றவாளியாக்க முடியாது, இந்தப் பாரத்தை நெஞ்சில் சுமக்காதீர் என்ற பொருள்பட 2025 நவம்பர் 7ல் நீதிபதிகள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரு தகப்பன் அந்த ஆறுதலைக் கேட்டு வாங்க வேண்டிய நிலைக்குத் தள்ளியவர்கள் யார்?

அதே ஆண்டு அக்டோபரில் இன்னும் இரண்டு 787 சம்பவங்கள். 4ந் தேதி அமிர்தசரஸிலிருந்து பர்மிங்ஹாம் போன விமானத்தில், இறங்கும் தறுவாயில், எல்லாம் செத்த பிறகே வெளிவர வேண்டிய அந்தக் காற்று விசிறி தானே வெளிவந்தது. 9ந் தேதி வியன்னாவிலிருந்து டில்லிக்கு வந்த விமானம் துபாய்க்குத் திருப்பப்பட்டது. தானியங்கி முதலான பல அமைப்புகள் அதில் கைவிட்டன, இரவு நேரத்தில் விமானிகள் கையால் பறந்து இறக்கினார்கள் என்றது விமானிகள் சம்மேளனம். மின்சாரப் பழுதே இல்லை என்று கம்பெனி மறுத்தது. சரி, யார் சொல்வது உண்மை? எல்லா 787களின் மின்சார அமைப்பையும் தீர விசாரியுங்கள் என்று கேட்டது சம்மேளனம். சோதனை வேண்டும் என்கிறவன் தொழிலாளி. வேண்டாம், எல்லாம் நலம் என்கிறது கம்பெனி. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏன்?

சோதிக்க வேண்டிய சர்க்கார் இலாகாவின் லட்சணமோ, அனுமதிக்கப்பட்ட பதவிகளில் ஏறத்தாழ பாதி காலி. இது நான் சொல்வதல்ல. 2025ல் பார்லிமெண்ட் குழு சொன்னது.

தூக்கத்தில் கைவைத்தார்கள்

இப்போது பெரியவரின் 48 மணி நேரத்துக்கு வருகிறேன். களைத்த விமானி ஆபத்து என்று உலகம் முழுதும் தெரிந்த பின், 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இலாகா புதிய விதி போட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. ஆறு வரை இருந்த இரவு இறக்கங்கள் இரண்டாகக் குறைப்பு. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை. கம்பெனிகள் முரண்டு பிடித்தன, தள்ளிப் போட்டார்கள். விமானிகள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போனபின் 2025 ஜூலை 1ல் ஒரு பாதியும் நவம்பர் 1ல் மறு பாதியும் அமலுக்கு வந்தன. ஆக, ஆள் எடுக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருஷ அவகாசம். உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் தன் பிடியில் வைத்திருக்கும் கம்பெனி போதிய ஆள் எடுக்கவில்லை. டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது. விமானங்கள் நின்றன.

சர்க்கார் என்ன செய்தது? டிசம்பர் 5ந் தேதி, அந்தக் கம்பெனிக்கு இரவு வேலை விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது! விடுப்பை வார ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றிருந்த விதியையும் அன்றே எல்லாக் கம்பெனிகளுக்கும் வாபஸ் வாங்கியது. ஆள் எடுக்காதவன் கம்பெனி. தூக்கத்தைப் பறிகொடுப்பவன் விமானி. திட்டு வாங்குபவனும் விமானி. பிரயாணிகளைத் தரையில் படுக்கவைத்து, அவர்களையே காட்டி விதியை வளைத்துக்கொண்ட சாமர்த்தியத்தை என்னவென்பது!

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. நடுவே இரண்டு டீ ஆயிற்று. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மகள் வீட்டுக்குப் போகிற விமானம் விடிகாலை மூணு மணிக்கு வந்து இறங்குகிற விமானம்தான் தோழர்" என்றார். "அதை ஓட்டிக்கொண்டு வருகிறவன் அந்த வாரத்தில் எத்தனை ராத்திரி தூங்கினான் என்று டிக்கெட்டில் போட மாட்டானா?"

போட மாட்டான் ஐயா. அதைக் கேட்டு வாங்கத்தான் விமானிகள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள்.